பருத்த சிறுவனும் மறந்த மூச்சும்

மருத்துவம் இலக்கியத்திடம் பெயர் கடன் வாங்குவது புதிதன்று. புதியதொரு நோயைக் கண்டு கூறும் மருத்துவர், அதற்குப் பெயர் சூட்ட முற்படும்போது, தாம் இளமையிற் படித்த கதைகளையும் நாடகங்களையும் நினைவு கூர்கின்றார். கடன் கொடுத்த நூலுக்கு அதனாற் புகழ் உண்டு. ஆயின், கடன் வாங்கியவர் நூலைச் செவ்வனே படித்துத்தான் வாங்கினாரா என்று ஆராய்வது திறனாய்வாளரின் கடன்.

உறக்கத்தில் மூச்சுக்கு நேரும் இடர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் இவ்வாறு இரண்டு பெயர்களை எடுத்தாண்டது. ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் ஆங்கில நாவலிலிருந்து வந்தது. மற்றொன்று, ழான் ஜிரோது எழுதிய 'ஒந்தின்' என்னும் பிரெஞ்சு நாடகத்திலிருந்து வந்தது. இவ்விரு பெயர்களும் பொருந்துவனவா? பொருந்தாவிடின் அதனால் யாருக்கு என்ன கேடு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். உறங்குவோரின் உடலைத் தொடாமலே மூச்சைக் கண்காணிக்கும் கருவிகள் இந்நாளில் வீடு தேடி வந்துவிட்டன. அவற்றை எடைபோடவும் இவ்வாராய்ச்சி நமக்குத் துணை செய்யும்.

டிக்கன்ஸ் கண்டது

'பிக்விக் பேப்பர்ஸ்' 1836ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1837ஆம் ஆண்டு நவம்பர் வரை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது டிக்கன்ஸுக்கு அகவை இருபத்து நான்கு. அந்நாவலின் 4ஆம் அத்தியாயத்தில் ஜோ என்னும் பணியாள் நம் கண்முன் வருகிறான். சிறுவன், மிகப் பருத்தவன், சிவந்த முகத்தினன். படைகளின் பயிற்சியைக் காண ஊரே திரண்டிருக்கிறது. பீரங்கிகள் முழங்குகின்றன, மாந்தரெல்லாம் பரபரப்புற்று நிற்கின்றனர், அவனோ வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்தபடியே உறங்குகின்றான். அவனுடைய தலைவர் வார்டில், அவனை எழுப்ப வேண்டுமாயின் காலிற் கிள்ள வேண்டும் என்கிறார். உணவுக் கூடையைத் திறக்கச் சொன்னால் மட்டும் அவன் விழித்துக்கொள்கிறான்.

அவன் பரிமாறும்போதும் உறங்குகிறான், குறட்டையும் விடுகிறான். 54ஆம் அத்தியாயத்தில் வரும் காட்சி இன்னும் வியப்புக்குரியது. வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகக் கதவு இடைவிடாது தட்டப்படுகிறது. திறந்து பார்த்தால் ஜோ நின்றவாறே கண்மூடி நிற்கின்றான். தட்டுவதை நிறுத்தினால் உறங்கிவிடுவான் என்று அஞ்சியே, கதவு திறக்கும்வரை கையை எடுக்காதே என்று அவனைப் பணித்திருக்கின்றனர். பருமன், குறட்டை, அடக்கவொண்ணாப் பகலுறக்கம், சிவந்த முகம் ஆகிய இத்துணை அறிகுறிகளையும் ஓரிடத்துச் சேர்த்துக் காட்டியிருக்கிறார் டிக்கன்ஸ். கதைமாந்தர் அவனை ஏளனமாக அழைக்கும் பெயர்களுள் நீர்க்கோவை நோயைச் சுட்டும் பெயரும் ஒன்று. இதயம் தளர்ந்தார்க்கு உடலில் நீர் கோப்பது உண்டாதலின், அதனையும் ஓர் அறிகுறியாகக் கொள்வர் பிற்கால மருத்துவர். அவனுக்கு வேறு நோய்களின் பெயரைக் கூறுவாரும் உளர்.

இங்கே நாம் கருத வேண்டியது, டிக்கன்ஸ் மருத்துவர் அல்லர் என்பதே. அவர் யாருடைய நாடியையும் பிடித்துப் பார்க்கவில்லை, எட்ட நின்று கண்டார், கேட்டார், எழுதினார். ஆயினும் அவருடைய எழுத்தை ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தபின் மருத்துவர்கள் ஒரு நோயின் தலைப்பில் வைத்தனர் என்றால், கூர்ந்து நோக்கும் கண்ணின் ஆற்றலுக்கு அதனினும் சான்று வேண்டுமோ?

பெயர் சூட்டியோர் செய்த பிழை

1956ஆம் ஆண்டு பர்வெல் என்பாரும் அவர்தம் துணைவர் மூவரும் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களிடம் வந்த நோயாளி ஐம்பத்தொரு வயதுடைய வணிக நிருவாகி. அவர் சீட்டாடும்போது மூன்று ஆசும் இரண்டு ராஜாவும் கைக்கு வந்திருந்தும், ஆட்டத்தைத் தொடராமல் உறங்கிவிட்டாராம்! பணம் போன பின்னரே தமக்கு ஏதோ நோய் என்று ஐயுற்று மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய நிலையைப் 'பிக்விக் நோய்த்தொகுதி' என்று அக்கட்டுரை அழைத்தது. அதற்கும் முன்னரே வில்லியம் ஆஸ்லர் என்னும் பேர்பெற்ற மருத்துவரின் பாடநூல், மிகப் பருத்த இளைஞர்க்கு வரும் உறக்கத்தைச் சொல்லுமிடத்து டிக்கன்ஸின் சிறுவனை எடுத்துக்காட்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுக் கட்டுரை அப்பெயரை நிலைபெறச் செய்தது எனலாம்.

இப்பெயரில் உள்ள முதற் குறை யாவர்க்கும் புலனாவது. நோய் ஜோவினுடையது, பெயர் பிக்விக்கினுடையது. பிக்விக்கும் பருத்தவரே; ஆயின் ஊர் ஊராகச் சுற்றி, ஓடி, பனிச்சறுக்கி, சிறைக்கும் சென்று வரும் சுறுசுறுப்பு மிக்கவர். ஜோ அவருடைய பணியாளனும் அல்லன். நூலின் பெயரை நோயாளியின் பெயராக்கியது ஆழ்ந்து படியாமையின் விளைவு.

இரண்டாவது குறை அதனினும் பெரிது. அம்மருத்துவர்கள் நோயின் காரணத்தைப் பகலிலே தேடினர். நுரையீரலுக்குப் போதிய காற்றுச் சென்று வராமையால் குருதியில் கரியமில வாயு மிகுகிறது. அதனால் மயக்கம்போல் உறக்கம் வருகிறது என்று விளக்கினர். இவ்விளக்கம் ஒரு சாராருக்குப் பொருந்தும். அந்நிலைக்கு இன்று வேறு தனிப்பெயர் உண்டு. ஆயின் இரவிலே நிகழ்வதை அவர்கள் காணவில்லை. டிக்கன்ஸ் நமக்குக் காட்டியதும் பெரும்பாலும் பகலுறக்கமே. நகைச்சுவைக்கு அது போதும். மருத்துவத்துக்குப் போதுமா?

1965ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. பிரான்சில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும் தனித்தனியே இத்தகைய நோயாளிகளை இரவு முழுதும் ஆய்ந்தனர். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. மார்பு எவ்வளவு முயன்றாலும் காற்று உட்புகுவதில்லை. மூளை ஒரு கணம் விழிக்கிறது. பெரும் ஒலியுடன் மூச்சு மீள்கிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. இவ்வாறு ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தாலும், காலையில் அவருக்கு நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்காதவர் பகலில் உறங்குவதில் வியப்பென்ன? 1969இல் கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்து இவ்வடைப்பைக் கடந்தனர். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்பார், மூக்கின் வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி, கத்தியின்றியே மூச்சுவழியைத் திறந்து வைத்தார். இன்றும் பெரியோர்க்குத் தலையாய மருத்துவம் அதுவே.

மறந்தால் நிற்கும் மூச்சு

இனி இரண்டாவது பெயரைக் காண்போம். ஜிரோதுவின் 'ஒந்தின்' 1939ஆம் ஆண்டு அரங்கேறியது. நீர்மகள் ஒருத்தி ஹான்ஸ் என்னும் வீரனைக் காதலித்து மணக்கிறாள். அவன் அவளுக்கு இரண்டகம் செய்கிறான். அதன் பயனாக, உடல் தானே இயற்றும் தொழில்களையெல்லாம் அவன் நினைந்து நினைந்து இயற்ற வேண்டியதாகிறது. காண வேண்டுமாயினும், கேட்க வேண்டுமாயினும், மூச்சு விட வேண்டுமாயினும் அவன் கட்டளையிட வேண்டும். ஒரு கணம் மறந்தால் உயிர் போய்விடும்.

1962ஆம் ஆண்டு செவரிங்ஹாஸ், மிட்செல் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், விழித்திருக்கும்போது கட்டளையிட்டால் மூச்சுவிடும் நோயாளிகள், அயர்ந்தால் மூச்சுவிட மறப்பதைக் கண்டு, அந்நிலைக்கு 'ஒந்தினின் சாபம்' என்று பெயரிட்டனர். பிறவியிலேயே இக்குறையுடன் தோன்றும் குழந்தைகளும் உண்டு. அவர்கட்குப் பெரும்பாலும் ஒரு மரபணுவின் பிறழ்ச்சியே காரணம் என்பது 2003ஆம் ஆண்டு தெரியவந்தது.

உவமை அழகியது, அதில் ஐயமில்லை. ஆயின் நாடகத்தைப் படித்தோர் அப்பெயரை ஒப்பார். ஒந்தின் யாரையும் சபிக்கவில்லை. தண்டனை நீர்மக்களின் அரசனோடு செய்த உடன்பாட்டால் விளைந்தது. அவளோ காதலனைக் காப்பாற்றவே முயன்றவள். தன்னைக் கைவிட்டவனுக்காகப் பரிந்த பெண்ணை, அவன் மூச்சைப் பறித்தவளாக்கிவிட்டது ஒரு நோய்ப்பெயர். இன்று மருத்துவர்கள் அப்பெயரைக் கைவிட்டு வருகின்றனர். பச்சிளங்குழந்தையின் நோயைச் சாபம் என்று தாயிடம் கூறுவது முறையாகுமா?

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு நன்மை உண்டு. ஜோவின் நோயில் மார்பு முயல்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. ஹான்ஸின் நோயில் வழி திறந்திருக்கிறது, முயற்சியே இல்லை. மருத்துவம் கூறும் இருவகை மூச்சிடரும் இவைதாம். பண்டைத் தமிழில் மூச்சுவிடுதலை உயிர்த்தல் என்றனர். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்றனர். மூச்சே உயிர் என்னும் உண்மை நம் சொல்லிலேயே அமைந்திருக்கிறது. அத்தகைய மொழியில், இருவகை நோயையும் சேர்த்து 'மூச்சுத்திணறல்' என்று பொதுப்பட மொழிவது நிறைவளிக்கவில்லை. திணறல் என்பது ஓடி வந்தவனுக்கும் உண்டு; ஈளை நோயாளிக்கும் உண்டு. வழி அடைபடுவதை மூச்சுத்தடை என்றும், முயற்சி ஓய்வதை மூச்சொழிவு என்றும் வழங்கினால் பொருள் தெளிவாகும். சொல்லில் வரும் தெளிவு கருவிகளை மதிப்பிடும்போது பயன்படும் என்பதைக் கீழே காணலாம்.

தொடாமற் படிக்கும் கருவிகள்

நோயை உறுதி செய்ய இன்று வழங்கும் முறை, உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்குவது. தலையில் மின்முனைகள், மூக்கருகே காற்றோட்டம் அறியும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் உயிர்வாயு அளக்கும் கவ்வி என்று உடல் முழுதும் கம்பிகள். மூச்சு பத்து நொடியாவது நின்றால் பெரியோர்க்கு அஃது ஒரு நிறுத்தம். அத்தகைய நிறுத்தங்களும் பெருங்குறைவுகளும் மணிக்கு ஐந்துக்குக் கீழ் இருப்பின் இயல்பு. முப்பதும் அதற்கு மேலும் கடுமை. இத்துணைக் கம்பிகளுக்கிடையே யார்தான் வழக்கம்போல் உறங்குவர்? தொடாமல் அறியும் வழியைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தேடல் நேற்றுத் தொடங்கியதன்று. 1971ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' இதழில், ரேடார் அலைகளைக் கொண்டு உடலைத் தொடாமல் மூச்சு நிற்பதைக் கண்டறியும் கருவி பற்றிக் காரோ, புளாய்ஸ் என்போர் எழுதினர். 1981இல் பின்லாந்து நாட்டினர் மெத்தையின் கீழ் வைக்கும் உணர்பலகையை விளக்கினர். 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், கைப்பேசியிலிருந்து செவிக்குப் புலப்படாத ஒலியலைகளை எழுப்பி, மார்பிற் பட்டு மீளும் எதிரொலியால் மூச்சை அளந்து காட்டினர். 2021 முதல் படுக்கையருகே வைக்கும் சிறு திரைக்கருவியிலும் ரேடார் இடம்பெற்றது. மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்வதைக்கூட இவை உணர்ந்துவிடும்.

திறமை பெரிது, மறுப்பதற்கில்லை. ஆயினும் டிக்கன்ஸை நோக்கிக் கேட்ட வினாவையே இவற்றை நோக்கியும் கேட்க வேண்டும். இவை எதனைக் காண்கின்றன? மார்பின் அசைவைக் காண்கின்றன. மார்பின் அசைவு மூச்சாகுமா? மூச்சொழிவில் மார்பு அசைவற்றிருக்கும். கருவி எளிதிற் கண்டுகொள்ளும். மூச்சுத்தடையில் காற்று ஓர் இழையும் உட்புகாத நேரத்திலும் மார்பு எழுந்து தாழ்ந்துகொண்டே இருக்கும். அசைவை மட்டும் எண்ணும் கருவி, மூச்சு நடைபெறுகிறது என்று எழுதிவிடக்கூடும். மிகுதியாகக் காணப்படும் நோயோ இந்த இரண்டாவதே!

இக்குறையைக் கருவி செய்வோரும் அறிவர். ஆதலின் மார்பும் வயிறும் எதிரெதிராக அசைவது, குறட்டை திடீரென நின்று பேரொலியுடன் மீள்வது, அதன்பின் உடல் துள்ளுவது, இதயத்துடிப்பு மாறிமாறி வருவது ஆகியவற்றைச் சேர்த்து உய்த்துணருமாறு அவற்றை அமைக்கின்றனர். இது பாராட்டத்தக்கது. பிராட்பென்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1877ஆம் ஆண்டிலேயே, மல்லாந்து குறட்டை விடும் முதியோரின் ஒலி இடையிடையே அறவே அடங்கிப் பின் சீறியெழுவதைக் குறித்துவைத்தார். அவர் செவியாற் செய்ததையே இன்று கருவி கணக்காற் செய்கிறது. ஆனால் உய்த்துணர்தல் வேறு, அளத்தல் வேறு. குருதியில் உயிர்வாயு எவ்வளவு குறைந்தது என்பதை ரேடார் காணாது. படுத்திருப்பவர் உறங்குகிறாரா, கண்மூடி விழித்திருக்கிறாரா என்பதையும் அது துணிந்து கூறமாட்டாது. ஒரே படுக்கையில் இருவர் உறங்கினால் யாருடைய மூச்சை யாருக்கு எழுதும்?

எனவே, தொடாக்கருவி ஐயத்தை எழுப்புமாயின் அது நன்மையே. மருத்துவரிடம் செல்லத் தூண்டும். ஐயம் இல்லை என்று கூறுமாயின் அதனை நம்பிக் குறட்டையையும் பகலுறக்கத்தையும் புறக்கணிப்பது தவறு. மேலும், தொடாதது என்பதனாலேயே அது கண்காணிப்பு அன்று என்றாகிவிடாது. கம்பி கட்டப்பட்டவர் தாம் நோக்கப்படுவதை அறிவார். மெத்தைக்கடியில் இருப்பதை அறியாதார் அறியார். உறங்குவோரின் இசைவு பெற்றே அதனை வைத்தல் வேண்டும். அக்குறிப்புகள் எவர் கைக்குச் செல்கின்றன என்று கேட்டறிவதும் கடமை.

வகுப்பறையில் உறங்கும் சிறுவர்

தவறான பெயரால் யாருக்குக் கேடு என்று தொடக்கத்திற் கேட்டோம். ஜோவின் உருவம் மருத்துவ உலகின் நெஞ்சிற் பதிந்தமையால், இந்நோய் பருத்தவர்க்கே வரும் என்னும் எண்ணமும் பதிந்துவிட்டது. மெலிந்தோர்க்கும் இது வரும், பெண்டிர்க்கும் வரும். முக அமைப்பின் காரணமாக, ஆசிய மக்கள் பலர்க்கு மிகுந்த பருமனின்றியே வருகிறது. சிங்கப்பூரில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, பெரியோரில் பத்துப்பேரில் மூவர் அளவினர்க்கு இந்நோய் நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருப்பதாகக் கண்டது. அவர்களெல்லாரும் ஜோக்களா?

குழந்தைகளிடத்தில் இவ்வெண்ணம் இன்னும் பெரிய கேடு செய்கிறது. பல குழந்தைகட்கு இந்நோய் வருவதற்குக் காரணம் உடற்பருமனன்று. டான்சில் என்னும் தொண்டைச்சதையும், மூக்கின் பின்புறத்து அடினாய்டுச் சதையும் வீங்கி வழியை அடைப்பதே. பெரியோரைப் போல அவர்கள் எப்போதும் தூங்கி விழுவதுமில்லை. பலர் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமலும், சினந்தும், பாடத்தில் மனம் பற்றாமலும் திரிவர். ஆஸ்லர் 1892ஆம் ஆண்டிலேயே, இத்தகைய குழந்தை இரவில் உரத்து மூச்சு விடுவதையும், இடையே மூச்சு நெடிது நிற்பதையும், பகலில் மந்தமாகத் தோன்றுவதையும் எழுதிவைத்தார். வில்லியம் ஹில் என்பார் 1889இல், பள்ளியிற் பின்தங்கும் சிறார் சிலரின் மந்தத்துக்கு மூக்கடைப்பே காரணம் என்றார். டிக்கன்ஸின் சிறுவனை நினைவிற் கொண்டோர், இவ்விருவர் கூறியதை மறந்தனர்.

அமெரிக்காவில் 464 சிறுவர்களைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள அச்சிறுவருள் ஒரு பாதியினர்க்கு அச்சதைகளை விரைவில் அகற்றினர். மறுபாதியினரைக் கண்காணித்தபடி பொறுத்திருந்தனர். அகற்றப்பட்டோர்க்கு உறக்கமும் நடத்தையும் வாழ்வின் நலமும் சிறந்தன. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் இருசாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே மருத்துவம் செய்தால் மதிப்பெண் ஏறும் என்று வாக்களிப்பதும் மிகைக்கூற்றே. குழந்தை நன்றாக உறங்குவதும், எரிச்சலின்றி இருப்பதுமே போதிய பேறல்லவா?

நாமும் ஒரு பெயரைப் பிழைபடப் படித்தவர்களே. வகுப்பில் கண்ணயரும் மாணவனை உடனே 'கும்பகர்ணன்' என்கிறோம். கம்பன் படைத்த கும்பகருணன் அறம் தெரிந்தவன்; தமையனை இடித்துரைத்தவன்; தோல்வி உறுதி என்று தெரிந்தும் நன்றி மறவாது களம் புகுந்தவன். அவனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது உறக்கம் ஒன்றையே. ஜோவிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்ததும் அதுவே. பெயர் ஒட்டப்பட்டவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. நகைப்பு எழுந்தவுடன் நோய் மறைந்துகொள்கிறது. ஜோவைச் சுற்றி இருந்த நல்லோர் எத்தனை பேர்! வார்டில் கொடியவர் அல்லர், விருந்தோம்பும் பண்பினர். ஆயினும் நாவல் முடியும்வரை, இச்சிறுவன் ஏன் இவ்வாறு உறங்குகிறான் என்று வருந்திக் கேட்டவர் அவருள் ஒருவரும் இலர்.

ஆசிரியரிடம் ரேடார் இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் முப்பது முகங்களை நேரிற் காணும் கண்கள் உள்ளன. நோய் இன்னதென்று முடிவு கட்டுவது அவர் வேலையன்று. பெற்றோரிடம் மூன்று வினாக்கள் கேட்கலாம். குழந்தை இரவுதோறும் குறட்டை விடுகிறதா? வாய் திறந்தபடி மூச்சு விடுகிறதா? இடையே மூச்சு நின்று, திடுக்கிட்டு மீள்கிறதா? ஆம் என்று விடை வருமாயின், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு முன் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. அம்மாணவனுக்கு வகுப்பு சூட்டிய பட்டப்பெயரை ஆசிரியரே முதலில் விட்டொழிக்க வேண்டும்.